எழுநூறு மில்லிமீட்டர்

பழைய பொருளை வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் நம்பிக்கை. என் புத்தக அலமாரியில் பாதி திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கியது. லேப்டாப் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லாமல், ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றை எடுத்துப் பயன்படுத்துகிறோம். முதலில் வாங்கியவர் தன் ஆசைக்குக் கட்டிய அபராதத்தை நாம் கட்ட வேண்டியதில்லை. சிக்கனமும் நல்லொழுக்கமும் ஒரே பில்லில் வந்துவிடுகின்றன.

இந்த நம்பிக்கையைக் கலைத்துப் போட்டது ஒரு வண்டி. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4. 2013 மாடல், மூன்று லிட்டர் டீசல், ஏழு இருக்கை. சொன்ன விலை 18 லட்சம். ஒரு புது கிரெட்டாவுக்குக் கொடுக்கிற காசு. புரோக்கர் போனில் சொன்னார்: "டெல்லி வண்டி சார். டாக்டர் வண்டி. சிங்கிள் ஓனர்." விற்பனைக்கு வருகிற பழைய கார்களை வைத்து எண்ணினால் இந்த நாட்டில் டாக்டர்கள் பற்றாக்குறை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வாங்குவதா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட எனக்கு நானே வழக்காடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். காசு கணக்கு முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் வேறு கணக்கு.

அந்த விலை எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆடம்பர வண்டிகளின் விலை வேகமாகச் சரியும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சரிவது வண்டியின் விலை மட்டும்தான், அதன் உதிரி பாகங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. 18 லட்சம் கொடுத்து வாங்கினாலும், போட வேண்டியது அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள வண்டியின் பாகங்களைத்தான். இந்த வண்டி இரும்புச் சுருள்மேல் நிற்பதில்லை, காற்றின்மேல் நிற்கிறது. நான்கு சக்கரத்துக்கும் காற்றடைத்த ரப்பர் பைகள், அவற்றை ஊதவும் இறக்கவும் ஒரு கம்ப்ரஸர். எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "பன்னெண்டு வருஷ ரப்பர், தம்பி. வெள்ளக்காரன் செஞ்சாலும் ரப்பர் ரப்பர்தான்" என்றார். எஞ்சினில் சில பெரிய வேலைகளுக்கு, அடிச்சட்டத்திலிருந்து மேல்கூடு முழுவதையும் தூக்கிவிட்டு வேலை பார்ப்பதுதான் சுலபம் என்று பல பட்டறைகளில் அப்படியே செய்கிறார்கள். "தலவலிக்கு மருந்து போடத் தலையக் கழட்டி மேசைல வைக்கிற மாதிரி" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

ஆகவே பழைய ஆடம்பர வண்டி வாங்குகிறவன் சிக்கனக்காரன் இல்லை. அவனும் ஆடம்பரத்தைத்தான் வாங்குகிறான், தவணையில். தவணைத் தேதிதான் தெரியாது.

விலை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்திலும் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிறகு அந்த விதி தளர்வதும் இறுகுவதுமாக இருந்தாலும், சந்தை அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. பத்து வயதை நெருங்கும் டீசல் வண்டியை டெல்லிக்காரர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். படிவம் 28 நிரப்பி, என்ஓசி வாங்கி, லாரியில் ஏற்றினால் வண்டி தெற்கே வந்துவிடும். இங்கே ஆயுள் வரி கட்டிப் புது எண் வாங்கிக்கொள்ளலாம்.

அதாவது எனக்குக் கிடைக்கும் தள்ளுபடி என்பது ஒரு ஊர் தன் காற்றிலிருந்து வெளியேற்றிய புகையின் விலை. டெல்லியின் நுரையீரலுக்கு ஆகாத புகை சென்னையின் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. (அந்த டாக்டர் ஓனருக்கும் இது தெரிந்திருக்கும்.) பழையதை வாங்குவதால் புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லவில்லை என்ற என் வாதம் இங்கே வலுவிழக்கிறது. நான் வாங்கத் தயாராக இருப்பதால்தான் முதல் ஓனருக்குக் கையில் காசு வருகிறது, அதை வைத்து அவர் அடுத்த புது வண்டிக்கு முன்பணம் கட்டுகிறார். திருவல்லிக்கேணியில் நான் வாங்கும் பழைய புத்தகத்துக்கும் இதுவே பொருந்தும், ஆனால் புத்தகம் புகை விடுவதில்லை.

*

என் தேவை என்ன என்று அளந்து பார்த்தேன். போனில் பதிவாகியிருக்கும் மூன்று வருட இடக்குறிப்பை எடுத்து, தார் இல்லாத பாதையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று கணக்கிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிற்று. விடை: சுமார் பதினோரு கிலோமீட்டர். அதில் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு வண்டி நிறுத்திய பொட்டல் காடும் சேர்த்தி. டிஸ்கவரியில் ஒரு திருகு உண்டு. சாதாரணப் பாதை, புல் - சரளை - பனி, சேறு, மணல், பாறை என்று ஐந்து நிலைகள், ஒவ்வொன்றுக்கும் வண்டி தன் உயரத்தையும் எஞ்சினின் இழுப்பையும் தானே மாற்றிக்கொள்ளும். என் பதினோரு கிலோமீட்டருக்கு முதல் நிலையே போதும்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய நோய். பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் தாங்கும்படி ஒரு அமைப்பைக் கட்டுவோம். முன்னூறு பேர் வருவார்கள். அந்த முன்னூறு பேருக்காகப் பன்னிரண்டு சர்வர் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் பயன்படுத்தாதது எல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் அடுக்ககத்தில் மாடிக்கு ஒரு தீயணைப்பான் தொங்குகிறது. ஒன்றையும் இதுவரை யாரும் தொட்டதில்லை. அது தொங்கிக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் வேண்டிக்கொள்கிறோம். ஆயுள் காப்பீடும் அப்படித்தான். பயன்படாமல் போவதே அதன் வெற்றி. அப்படியென்றால் பாறையில் ஏறாத வண்டியை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்? இந்தக் கேள்வி சில நாள் என் பக்கம் நின்று வாதாடியது.

வித்தியாசம் பிறகுதான் பிடிபட்டது. தீயணைப்பான் சும்மா இருக்கும்போது உண்மையிலேயே சும்மா இருக்கிறது. இரண்டரை டன் வண்டி சும்மா இருப்பதே இல்லை. பாறைக்காகக் கொடுக்கப்பட்ட அதன் எடையும் உயரமும் தினமும் ஓஎம்ஆரில் என்கூட வரும். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்தால்கூட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முந்நூறு கிராமுக்கு மேல் கரியமிலவாயு. என் கையில் இருக்கும் திறன் எனக்குப் பயன்படாத நாளிலும் அடுத்தவர்மேல் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

*

இந்த வண்டி வம்சம் வேறு மாதிரி ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, ரோவர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸ் வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில் அமெரிக்க ராணுவத்தின் பழைய வில்லீஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் செய்ததுதான் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த முதல் லேண்ட் ரோவர். எஃகு தட்டுப்பாடு, அதனால் அலுமினியக் கலவையில் உடல். விவசாயிக்கான கருவி, அவ்வளவுதான். 1970ல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் உள்பக்கம்கூட தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்படிதான் இருந்தது. தோலும் மரமும் பிறகு ஏறின. 2008ல் டாடா மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியை ஃபோர்டிடமிருந்து வாங்கியது. இன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் புது ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது, அங்கே இந்த வண்டிகளும் தயாராகும் என்றார்கள். ஒரு காலத்தில் துரை வந்திறங்கிய வண்டி நம்மூர்ப் பையன்கள் பூட்டும் வண்டியாவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

அதே வில்லீஸின் இன்னொரு பிள்ளை நம் மலைகளில் இருக்கிறது. நாற்பதுகளின் கடைசியில் மஹிந்திரா இங்கே பூட்ட ஆரம்பித்த ஜீப்பின் வழி வந்தவை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற முடியும். பாதை என்று ஒன்று இல்லை, கற்கள் இருக்கின்றன. அங்கே ஜீப் ஓட்டுகிறவர்கள் எந்தத் திருகையும் திருப்புவதில்லை. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கை கியரில், பேச்சு பின்னால் உட்கார்ந்திருப்பவர்களோடு. காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பிரசவத்துக்குப் போகும் பெண் எல்லாம் ஏறுகிற மலை ஜீப்புகள் அவை. கரடுமுரடான பாதை வழியாக வீட்டுக்குப் போகிறவனுக்கு அது சாகசம் இல்லை. அதைச் சாகசமாக நினைத்துக் காசு கொடுப்பவன், தார்ச்சாலை வீட்டு வாசல்வரை வந்துவிட்ட ஆள். என்னைப் போன்றவன்.

*

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆசை அடங்கவில்லை. அதற்குக் கடைசியாக ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. மழை.

நான் இருப்பது வேளச்சேரிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்த பகுதி. 2015 டிசம்பர் இங்கே யாருக்கும் மறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் எங்கள் தெரு குளமானது. இப்போதெல்லாம் வானிலை மையம் எச்சரிக்கை விட்டதும் ஆட்கள் முதலில் செய்வது, காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்துவது. 2024 அக்டோபரில் பாலத்தின் ஓரம் முழுக்கக் கார் வரிசை நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்கவரி 4 எழுநூறு மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்கிறார். கிட்டத்தட்ட இரண்டே கால் அடி. தொடை மட்டம். வீட்டில் ஒரு குழந்தையும், ரத்த அழுத்த மாத்திரை தவறக்கூடாத என் அம்மாவும் இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்?

மனைவியிடம் சொன்னேன். அவளும் எஞ்சினியர்தான், என்னைவிட நல்ல எஞ்சினியர். "சரிங்க. தண்ணிக்குள்ள எப்படி ஓட்டணும்னு போட்டிருக்கான்?" என்று கேட்டாள். படித்தேன். மெதுவாக இறங்கி, நிற்காமல் ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். அப்போது வண்டியின் முன்னால் ஒரு அலை எழும். அந்த அலைக்குப் பின்னால், எஞ்சின் இருக்கும் இடத்தில், தண்ணீர் மட்டம் தாழும். எஞ்சினுக்குள் நீர் போகாமல் காப்பது அந்தப் பள்ளம்தான். அலையை விடாமல் தள்ளிக்கொண்டே போவதுதான் வித்தை.

"அந்த அலை எங்க போகும்?" என்றாள்.

எங்கள் தெருவில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கி, துணியைச் சுருட்டிக் கதவிடுக்கில் சொருகி, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத் தண்ணீரை நிறுத்தி வைத்திருப்பார்கள். பெரிய வண்டி ஒன்று சர்ரென்று போனால் போதும், அலை மூட்டையைத் தாண்டி உள்ளே போய்விடும். மிக்ஜாம் அன்று முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு அம்மா அப்படிப் போன வண்டியைப் பார்த்துத் திட்டிய திட்டு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, இங்கே எழுத முடியாது. என் எஞ்சினைக் காப்பாற்றும் அதே அலைதான் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் புகுகிறது. ஓட்டுகிறவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கையேட்டில் உள்ளபடி ஓட்டினால் போதும்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970ல் எழுதிய ஒரு சிறு புத்தகத்தில், ஒரு அமைப்பு சீர்கெடும்போது அதிலிருக்கும் ஆள் இரண்டு வழியில் எதிர்வினை செய்யலாம் என்கிறார்: விலகிப் போகலாம், அல்லது உள்ளே இருந்து குரல் கொடுக்கலாம். விலகிப் போகும் வசதி யாருக்கு முதலில் இருக்கிறதோ, பெரும்பாலும் அவர்கள்தான் உரக்கக் குரல் கொடுத்திருக்கக் கூடியவர்கள். அவர்கள் போன பிறகு மிச்சமிருப்பவர்களின் குரல் எடுபடுவதில்லை. நம் நடுத்தர வர்க்கத்தின் ஐம்பது வருட வரலாற்றை இந்த ஒரு கருத்தை வைத்து எழுதிவிடலாம். குழாயில் தண்ணீர் சரியில்லை, ஆர்ஓ வாங்கினோம். மின்சாரம் போனது, இன்வெர்ட்டர் வாங்கினோம். அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, பஸ். ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு பில்லாகக் கட்டி வெளியே வந்தோம். மிச்சமிருந்தது தெரு. தெருவில் தேங்கும் தண்ணீரிலிருந்து மட்டும் யாராலும் தனியாக வெளியேற முடியாமல் இருந்தது. அதனால்தான் வடிகால் கேட்டு எங்கள் அடுக்ககத்துச் செயலாளரும் கீழ்த்தளத்து அயர்ன் கடைக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுநூறு மில்லிமீட்டர் என்பது அந்த மனுவிலிருந்து என் கையெழுத்தை எடுத்துக்கொள்ளும் அளவு.

2015ல் எங்கள் பக்கம் ஆட்களை வெளியே கொண்டுவந்தது மீனவர்களின் படகுகள். கடலிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள். அவையும் உயர்ந்த திறனுள்ள வாகனங்கள்தான். எங்கள் யாருக்கும் சொந்தமில்லாதவை.

*

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. ஸ்கூட்டரும் அதை ஓட்டுகிறவரும் சேர்ந்து 180 கிலோ என்றால், இந்த வண்டி அதைப் போல பதினான்கு மடங்கு. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அமெரிக்கச் சாலைகளை வைத்து மிஷெல் வைட் என்ற பொருளியலாளர் 2004ல் ஒரு கணக்குப் போட்டார். பெரிய வண்டியில் இருப்பவர்கள் தவிர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு உயிர்ப்பலி விபத்துக்கும், மற்றவர்களுக்கு நேரும் அப்படியான விபத்துகள் நான்குக்கு மேல் கூடுகின்றன. பாதுகாப்பு புதிதாக உண்டாவதில்லை, பெரும்பகுதி கைமாறுகிறது.

பொருள்செயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர், தன் கைப்பொருளை வைத்து ஒரு காரியத்தில் இறங்குகிறவனை, குன்றின்மேல் நின்று யானைச் சண்டை பார்க்கிறவனோடு ஒப்பிடுகிறார். உயரமான இருக்கையில் உட்கார்ந்து டெஸ்ட் டிரைவ் போனபோது எனக்கு அந்தக் குறள்தான் ஞாபகம் வந்தது. அந்த நிம்மதி பொய்யில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் எல்லாத் தலைகளும் கீழே தெரிந்தன. ஆனால் வள்ளுவரின் குன்று ஓரிடத்தில் நிற்கிறது. என் குன்று மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகிறது. கீழே இருப்பவர்களுக்கு அது குன்றாகத் தெரியாது, யானையாகத் தெரியும்.

*

இதையெல்லாம் ஒருநாள் ஆபீஸ் நண்பனிடம் கொட்டினேன். அவனிடம் ஃபார்ச்சூனர் இருக்கிறது. பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"எங்க தாத்தா ஊர்ல ஒரு தெரு வந்தா சைக்கிள விட்டு இறங்கி, உருட்டிட்டுத்தான்டா போவாரு. எங்கப்பா டிவிஎஸ் 50ல இறங்காமப் போனாரு, அதுக்கு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. நான் பொங்கலுக்கு ஃபார்ச்சூனர்ல போறேன். அந்தத் தெருவுல கண்ணாடிய இறக்கிவிட்டு மெதுவாப் போறேன். எல்லாரும் பாக்கணும்ல?"

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "நீ எந்தத் தெருவுல போகப் போற?"

ஆடம்பரத்தைப் பற்றிய நம் அறப்பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கணக்கில் எடுப்பதில்லை. எளிமையை உபதேசிப்பது, ஏறக்கூடாது என்று யாரும் சொல்லாதவர்களுக்கு எளிது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காகப் பட்டியல் சாதி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். ஒரு வண்டி வெறும் வண்டி என்று அந்த வெட்டியவர்களே நினைக்கவில்லை. அப்படியொரு இடத்தில் உயரத்தை எடுத்துக்கொள்வது பதில். என் விஷயம் அப்படியில்லை. என் தாத்தாவை எந்தத் தெருவிலும் யாரும் இறங்கச் சொன்னதில்லை. இறங்கச் சொன்ன பக்கத்தில் அவர் இருந்திருக்கலாம், வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. ஆகவே அதே இரண்டரை டன், அதே உயரம், அவன் ஓட்டும்போது ஒன்றைச் சொல்கிறது, நான் ஓட்டினால் ஏற்கெனவே பல தடவை சொல்லப்பட்டதையே சத்தமாகச் சொல்கிறது.

இதை அவனிடம் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "அதுக்காக எனக்குச் சலுகை குடுக்காத. மழைல என் வண்டியும்தான் அலை அடிக்கும். அந்தம்மா என்னையும் திட்டும். திட்டணும்" என்றான். அவன் சொன்னது சரி. காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலை கதவிடுக்கில் காரணம் கேட்டுவிட்டு நுழைவதில்லை. ஆனால் ஒன்றின் பொருளும் அதன் விளைவும் தனித்தனி என்று ஒப்புக்கொண்டாலும், இரண்டையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்பதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அவன் விஷயத்தில் நிறுக்க வேண்டியவன் நான் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் விஷயத்தில் தட்டு ஒரு பக்கமாகத்தான் சாய்ந்தது.

புரோக்கருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "பரவால்ல சார், கோயம்புத்தூர்ல ஒரு பார்ட்டி ரெண்டு வாரமாக் கேட்டுட்டு இருக்காங்க. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டாம்" என்றார்.

அப்படியானால் நான் வேண்டாம் என்றதால் என்ன மாறியது? வண்டி ஏற்கெனவே இருக்கிறது, யாராவது ஓட்டத்தான் போகிறார்கள். புகை குறையாது, எடை குறையாது. அலை மட்டும் வேறு ஊரில் அடிக்கும், அல்லது வால்பாறைச் சரிவில் தண்ணீர் தேங்காது என்பதால் அடிக்காமலே போகலாம். டெல்லியை நான் குறை சொன்னதும் இதையேதான், தன் தெருவிலிருந்து எடுத்து அடுத்தவன் தெருவுக்கு அனுப்புகிறது என்று. இதற்கு என்னிடம் இருக்கும் பதில் மிகச் சின்னது. எஸ்டேட்காரருக்குப் பாறை இருக்கிறது. என் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் அவர் ஒரே நாளில் ஓட்டுவார். அந்தத் திருகின் ஐந்து நிலைகளும் அவர் கையில் திரும்பும். இதை நினைத்தபோது எனக்கு வந்தது பொறாமை.

இந்த வருடம் மழைக்கு முன் வடிகால் வேலையை முடிப்பதாக மாநகராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். போன வருடமும் சொன்னார்கள். எங்கள் பழைய ஐ10ஐ மேம்பாலத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று அயர்ன் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், அவருக்கு அந்தப் பாலத்தில் எந்தப் பக்கம் போலீஸ் வராது என்று தெரியும்.